சுவரும் மண்ணும் சேரும் இடம்: அயர்லாந்தின் டிரிம் கோட்டையை எப்படித் தோண்டிப் படித்தார்கள்?

டப்ளினிலிருந்து வடமேற்கே சுமார் ஒரு மணி நேரப் பயணத்தில், பாய்ன் ஆற்றின் தென்கரையில் இருக்கிறது டிரிம் என்ற சிற்றூர். 12ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்திலிருந்து படையெடுத்து வந்த ஆங்கிலோ-நார்மன்கள் அயர்லாந்தில் கட்டிய கோட்டைகளிலேயே பெரியது இங்கேதான் நிற்கிறது. நீண்ட வெளிமதில், அதற்குள் புல்வெளி, அதன் நடுவே ஒரு மையக் கோபுரம். சதுரமான அந்தக் கோபுரத்தின் நான்கு பக்கங்களிலும் ஒவ்வொரு சிறு கோபுரம் துருத்திக்கொண்டு நின்றது. மேலிருந்து பார்த்தால் கூட்டல் குறி போலத் தெரியும். மூலைகளை எண்ணினால் 20 வரும். சுவரின் கனம் 3 மீட்டருக்கு மேல். பக்கக் கோபுரங்களில் வடக்கே இருந்தது மட்டும் இடிந்து போயிற்று, மற்ற மூன்றும் நிற்கின்றன.

இந்த மையக் கோபுரம் எப்போது கட்டப்பட்டது என்ற கேள்விக்கு, 13ஆம் நூற்றாண்டின் முதல் இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் என்றே நெடுங்காலம் பதில் எழுதிவந்தார்கள். பிறகு சுவரில் சாரம் கட்டிய துளைகளுக்குள் மிஞ்சிக் கிடந்த ஓக் கட்டைகளின் வளையங்களை எண்ணிப் பார்த்ததில், முதல் கட்ட வேலை 1170களின் நடுவிலேயே தொடங்கிவிட்டது தெரிந்தது. கோபுரத்துக்குச் சுமார் நாற்பது வயது கூடிவிட்டது. டிரிமை ஆண்ட நார்மன் பிரபுக் குடும்பத்தில், கட்டத் தொடங்கியவர் மகன் வால்டர் டி லேசி என்றிருந்த கணக்கு, அப்பா ஹியூ டி லேசி என்று மாறியது. ஹியூ 1186இல் டர்ரோ என்ற இடத்தில் வெட்டிக் கொல்லப்பட்டார். அப்படியென்றால் இந்தக் கோபுரம், நாடு அடங்கிய பிறகு நிதானமாக எழுப்பிய மாளிகை அல்ல. படையெடுப்பின் சூடு ஆறுவதற்குள், எதிரிகள் சுற்றி இருக்கும்போதே போட்ட கல்வேலை.

இடிந்த கோட்டையைத் தோண்டுவது என்றாலே புதையல், நிலவறை, எலும்புக்கூடு என்றுதான் நினைப்பு ஓடும். தோண்டுபவர்கள் அங்கே முதலில் தேடுவது, கற்சுவர் மண்ணைத் தொடும் அந்த ஓரத்தைத்தான். சுவரின் வயது அங்கேதான் எழுதப்பட்டிருக்கிறது. அதைத் தெரியாமல் வெட்டிவிட்டால் மிஞ்சுவது வயது தெரியாத கல் மட்டுமே.

மண்ணை இவ்வளவு நம்பவேண்டி வந்ததற்கு அயர்லாந்தில் தனிக் காரணமும் உண்டு. ஆங்கிலேய ஆட்சி அங்கே கணக்கெழுதிச் சேர்த்த இடைக்கால நிர்வாகச் சுருள்களில் பெரும்பகுதி டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகத்தில் இருந்த பொது ஆவணக் காப்பகத்தில் இருந்தது. 1922 ஜூன் 30 அன்று, உள்நாட்டுப் போரின் முதல் நாட்களில், அந்தக் கட்டடம் வெடித்து எரிந்தது. எந்தக் கோட்டைக்கு எந்த ஆண்டு எத்தனை பவுண்டு செலவு, எந்தக் கூரை பழுது என்று சொல்லியிருக்கக்கூடிய தோல் ஏடுகள் சாம்பலாகிக் காற்றில் பறந்தன. இங்கிலாந்தில் ஒரு கோட்டைக்குக் கிடைக்கும் எழுத்துச் சான்றில் சிறு பங்குகூட அயர்லாந்தில் பல கோட்டைகளுக்குக் கிடையாது.

டிரிமின் எழுதப்பட்ட தொடக்கக் கதை சுருக்கமானது. 1171இல் இங்கிலாந்து அரசர் இரண்டாம் ஹென்றி அயர்லாந்தில் இறங்கினார். 1172இல் டிரிம் அடங்கிய மீத் நாட்டை ஹியூ டி லேசிக்குக் கொடுத்தார். ஹியூ டிரிமில் முதலில் போட்டது அகழியும் மண்கரையும் மரவேலியும் கொண்ட ஒரு வளையக் காவலரண். அதன்மேல் அயர்லாந்தின் பேரரசர் ரோரி ஓ'கானர் படை நடத்தி வந்தார், காவலரண் எரிந்தது. எரிந்த அதே இடத்தில் கல்கோபுரம் எழத் தொடங்கியது. கல் வேலையின் அடியில் மர வேலையும், அதற்கும் அடியில் பழைய நிலமும் இருக்கின்றன. தோண்டுபவர் இந்த வரிசையைத் தலைகீழாக, மேலிருந்து கீழே படித்துக்கொண்டு போகவேண்டும்.

மண்வெட்டி எடுக்கும் முன்

அயர்லாந்துக் குடியரசில் 1930ஆம் ஆண்டின் தேசியச் சின்னங்கள் சட்டப்படி, உரிமம் இல்லாமல் தொல்லியல் நோக்கத்தோடு யாரும் மண்ணைத் தோண்ட முடியாது. சொந்த நிலமாக இருந்தாலும் இதே விதிதான். உரிமம் நிறுவனத்தின் பெயருக்கு வராது, தகுதி நிரூபித்த ஒரு தனி ஆளின் பெயருக்கே வரும். தவறு நடந்தால் அவர்தான் பொறுப்பு. டிரிம் போல அரசின் வசம் உள்ள சின்னமென்றால் அமைச்சரின் எழுத்துப்பூர்வமான ஒப்புதல் வேண்டும். உலோகம் கண்டறியும் கருவியைக் கொண்டுபோகவும் தனி அனுமதி தேவை. அந்தக் கட்டுப்பாடு 1987 திருத்தத்தில் வந்தது. 1980இல் டெர்ரினாஃப்லன் என்ற இடத்தில் அத்தகைய கருவியால் ஒரு திருக்கிண்ணமும் வழிபாட்டுப் பாத்திரங்களும் கிடைத்து, அவை யாருக்குச் சொந்தம் என்று உச்ச நீதிமன்றம் வரை வழக்கு போனது. 1994 திருத்தம், உரிமையாளர் இல்லாத தொல்பொருள் அனைத்தும் அரசுக்கே சொந்தம் என்று எழுதிவைத்தது. 2023இல் நிறைவேறிய புதிய பாரம்பரியச் சட்டம் இவற்றின் இடத்தைப் படிப்படியாக எடுத்துக்கொள்கிறது.

உரிம விண்ணப்பத்தோடு முறைத்திட்டம் ஒன்றும் இணைக்கவேண்டும். எங்கே தோண்டப்போகிறோம், ஏன் அங்கே, எவ்வளவு ஆழம், கிடைத்தவற்றைப் பேணப் பணம் எங்கே இருக்கிறது என்று அதில் எழுதவேண்டும். கடைசிக் கேள்விதான் கடினம். ஒரு நாள் தோண்டினால் கழுவ, எண்ணிட, வரைய, எழுத இரண்டு மூன்று நாளாவது பிடிக்கும். தோண்டும் கூலிக்கு மட்டும் நிதி சேர்த்துவிட்டு இறங்குபவர்களின் பெட்டிகள் பிறகு கிடங்கில் ஆண்டுக்கணக்கில் தூங்கும்.

வெளியூர்க்காரர்கள் எதிர்பார்க்காத தடை ஐவிக் கொடி. பாழடைந்த ஐரிஷ் சுவர் என்றால் பாதிக்கு மேல் ஐவி மூடியிருக்கும். அதன் அடியில் நின்று வேலை செய்வது ஆபத்து. ஆனால் வனவுயிர்ச் சட்டம் மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை இயற்கைத் தாவரங்களை வெட்டத் தடை விதிக்கிறது, பறவைகள் கூடு கட்டும் காலம் என்பதால். தோண்டுவதற்கு ஏற்ற வறண்ட பருவமும் அதேதான். ஆகவே கொடியை முந்தைய குளிர்காலத்திலேயே கவனிக்கவேண்டும். அப்போதும் பிடித்து இழுக்கக் கூடாது. சுவரின் உட்புறக் கற்குவியலைப் பல இடங்களில் அந்த வேர்கள்தான் பிடித்து வைத்திருக்கும். தண்டை அடியில் அறுத்துவிட்டு, கொடி தானாகக் காய விட்டு, கொத்தனார் கூடவே நின்று சுண்ணாம்புச் சாந்து அடைத்துக்கொண்டு மெல்ல எடுக்கவேண்டும். வெளவால் குடியிருக்கிறதா என்றும் பார்க்கவேண்டும், அவற்றுக்கும் சட்டப் பாதுகாப்பு உண்டு.

அதன் பிறகு நிலத்தைத் தோண்டாமல் பார்க்கும் கருவிகள். மின்தடை அளவி ஈரமண்ணையும் கல்லையும் பிரித்துக் காட்டும், புதைந்த சுவர்களுக்கு நல்லது. காந்த அளவி அகழி, அடுப்பு, எரிந்த மண்ணைக் காட்டும். ஆனால் கோட்டை முற்றத்தில் இரண்டுமே அடிக்கடி ஏமாற்றும். இடிந்து விழுந்த கல் ஒரு மீட்டர் கனத்துக்குப் பரவிக் கிடந்தால் படம் முழுக்க ஒரே கல்லாகத் தெரியும், அடியில் இருக்கும் சுவர் தனியாகத் தெரியாது.

மேலிருந்து கீழே

கீழடியின் படங்களைப் பார்த்தவர்களுக்கு, சதுரக் குழிகளும் நடுவே விட்டுவைத்த மண் வரப்புகளும் பழக்கமாக இருக்கும். 1945இல் அரிக்கமேட்டில் பிரிட்டிஷ் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் கையாண்ட முறையின் வழி வந்தது அது. அயர்லாந்தில் இன்று பெரும்பாலும் வரப்பில்லாமல் அகலமாகத் திறக்கிறார்கள். கோட்டை முற்றத்தில் கிடைப்பது மரத்தூண் ஊன்றிய சிறு குழிகளும் சுவரடித் தடங்களும். 5 மீட்டர் சதுரத்துக்குள் பார்த்தால் அவை சிதறிய புள்ளிகளாகத் தெரியும். இருபது மீட்டர் நீளத்துக்குத் திறந்தால்தான் அந்தப் புள்ளிகள் சேர்ந்து ஒரு கூடத்தின் உருவம் எடுக்கும்.

புல்தரையைப் பத்தை பத்தையாக வெட்டி, புல் பக்கம் புல் பக்கத்தோடு சேர வைத்து அடுக்கி, நனைத்து வைப்பார்கள். கடைசியில் அதைத்தான் திரும்பப் பதிக்கவேண்டும். அதற்கு அடியில் மேல்மண், பிறகு இடிபாடு. மத்திய காலச் சுவர் இரு முகமும் செதுக்கிய கல்லாகவும் நடுவே கல்லும் சாந்தும் கொட்டி நிரப்பியதாகவும் இருக்கும். இடிந்ததும் செதுக்கிய நல்ல கல்லை ஊரார் வீடு கட்டக் கொண்டுபோய்விடுவார்கள். மிஞ்சுவது உள்நிரப்புச் சரளைதான். இதைக் குப்பை என்று இயந்திரம் வைத்து அள்ளிவிடும் ஆசை வரும். ஆனால் ஒரு சுவர் எந்தப் பக்கம் சாய்ந்தது, ஒரே மூச்சில் விழுந்ததா கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்ததா என்பதெல்லாம் இந்தச் சரளையில்தான் இருக்கிறது. வெடிவைத்துத் தகர்த்த சுவர் பெரிய பெரிய பாளங்களாகக் கிடக்கும். மழையில் உதிர்ந்தது, சாந்துப் பொடியும் சிறு கல்லும் மாறிமாறி அடுக்கடுக்காக இருக்கும். தெற்கே கார்லோ கோட்டையில் 1814இல் ஒரு மருத்துவர் கட்டடத்தை மனநல விடுதியாக மாற்ற எண்ணி, சுவரை மெலிக்க வெடிமருந்து வைத்தார். பாதிக்கு மேல் சரிந்து, இரண்டு கோபுரங்களும் அவற்றை இணைக்கும் சுவரும் மட்டுமே மிஞ்சின. எழுத்தில் தேதியோடு பதிவான இடிவு அது. பெரும்பாலான இடங்களில் தேதியைச் சரளைதான் சொல்லவேண்டும்.

இடிபாட்டுக்கு அடியில் சிலேட் ஓடுகளும் ஆணிகளும் கலந்த ஒரு மெல்லிய அடுக்கு வந்தால் கூரை விழுந்த தளத்தை எட்டிவிட்டோம் என்று பொருள். அதற்குக் கீழே மிதிபட்ட தரை, அடுப்புச் சாம்பல், எலும்பு, பானையோடு. இன்னும் கீழே பொடிக் கற்சில்லுகளும் வெண்மையான சாந்துத் திட்டுகளும். இந்தக் கடைசி அடுக்குதான் பொன். கொத்தனார்கள் உட்கார்ந்து கல் செதுக்கிய இடமும் சாந்து குழைத்த இடமும் அது. கோபுரம் கட்டிய அந்தச் சில ஆண்டுகளின் தரை அப்படியே இருக்கிறது. அதற்குள் புதைந்த காசு, அதற்கு அடியில் கிடக்கும் ஓடு இவற்றைவிடக் கட்டடம் பழையதாக இருக்க முடியாது. தொல்லியலில் தேதி பெரும்பாலும் இப்படி 'இதற்குப் பிறகு' என்றுதான் வரும். ஒரு காசு இருபது ஆண்டு புழங்கித் தேய்ந்த பிறகும் கீழே விழலாம் என்பதால் காசில் இருக்கும் அரசன் பெயரையே கட்டிய ஆண்டாக எழுதிவிட முடியாது.

ஒவ்வொரு அடுக்குக்கும், ஒவ்வொரு குழிக்கும், குழியை நிரப்பிய மண்ணுக்கும் தனித்தனி எண் கொடுப்பார்கள். குழி என்பது வெறும் வெற்றிடம்தானே என்று கேட்கலாம். ஆனால் யாரோ ஒரு நாள் வெட்டியதால் வந்த வெற்றிடம் அது. வெட்டியது ஒரு நிகழ்வு, நிரப்பியது இன்னொரு நிகழ்வு. எது எதை வெட்டுகிறது, எது எதன்மேல் படிந்திருக்கிறது என்று எண்களைக் கோட்டால் இணைத்தால் குடும்ப மரம் போல ஒரு வரைபடம் வரும். தொல்லியலாளர் எட்வர்ட் ஹாரிஸ் 1973இல் வகுத்த அந்த வரைபடம்தான் இன்று அயர்லாந்து முழுக்க நடைமுறை. தரைப்படம் 1:20 அளவில், வெட்டுமுகப் படம் 1:10 அளவில். உயரம், வடகோடியில் உள்ள மாலின் ஹெட் முனையின் கடல்மட்டத்திலிருந்து கணக்கிடப்படும். இடிபாட்டுக்குக் கடப்பாரை, மண்வெட்டி. தரைக்கு வந்ததும் கொத்தனார் பயன்படுத்தும் நான்கு அங்குலக் கரணை, அதுவும் பின்னோக்கி நகர்ந்துகொண்டே இழுத்துச் சுரண்டவேண்டும். முன்னோக்கி நகர்ந்தால் சுரண்டிய பரப்பையே முழங்காலால் மிதித்துக் கெடுத்துவிடுவோம்.

குழி ஒன்றேகால் மீட்டர் ஆழத்தைத் தாண்டினால் பக்கங்களைப் படிபடியாக வெட்டவேண்டும், அல்லது பலகை கொடுத்துத் தாங்கவேண்டும். கோட்டை அகழிகள் இதைவிடப் பல மடங்கு ஆழம். அகழியின் அடி வரை போகத் திட்டமிட்டால் மேலே எவ்வளவு அகலம் திறக்கவேண்டும் என்று முதலிலேயே கணக்குப் போடவேண்டும். பாதி ஆழத்தில் இடமில்லாமல் நின்றுபோன அகழிக் குழிகள் நிறைய உண்டு. அகழியில் குப்பை சேர்ந்த வரிசை கிடைத்திருக்கும், அகழி எப்போது முதலில் வெட்டப்பட்டது என்ற விடை மட்டும் அடியிலேயே தங்கிவிடும்.

அரை மீட்டர் அகலத்தில் எல்லாம் இருக்கிறது

சுவரும் மண்ணும் சேரும் ஓரத்தைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். நம் ஊரில் வீடு கட்ட வானம் தோண்டுவதுபோல அங்கேயும் கடைக்கால் குழி வெட்டித்தான் சுவர் எழுப்பினார்கள். சுவரை விடக் குழி சற்று அகலமாக இருக்கும், கொத்தனார் நிற்க இடம் வேண்டுமே. சுவர் தரைமட்டத்துக்கு வந்ததும் பக்கவாட்டு இடைவெளியை மண்ணும் கற்சில்லும் போட்டு மூடினார்கள். இப்போது சுவருக்குச் செங்குத்தாக ஒரு குழி வெட்டி அதன் முகத்தைச் சுத்தம் செய்தால், சுவரை ஒட்டி ஒரு முழ அகலத்துக்கு வேறு நிறத்தில் ஒரு மண்பட்டை கீழே இறங்குவது தெரியும். அந்தப் பட்டை எந்த அடுக்குகளை வெட்டிக்கொண்டு போகிறதோ அவை சுவருக்கு முந்தியவை. எந்த அடுக்கு அந்தப் பட்டையின் மேல் மூடிப் படர்ந்து சுவர் முகத்தைத் தொடுகிறதோ அது சுவருக்குப் பிந்தியது. கட்டிய காலம் இந்த இரண்டுக்கும் நடுவே.

இந்த ஓரம் பல கோட்டைகளில் அழிந்துபோயிருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் பழைய சின்னங்களைச் சீராக்கியவர்கள், புதைந்த சுவரின் போக்கைப் பார்க்க ஆசைப்பட்டுச் சுவரை ஒட்டியே பள்ளம் பறித்துக்கொண்டு போனார்கள். சுவர் முகம் அழகாக வெளியே வந்தது. சுவரைத் தொட்டுக்கொண்டிருந்த எல்லா அடுக்கும் சுவரிலிருந்து துண்டிக்கப்பட்டது. இன்று அங்கே தோண்டினால், சுவரை ஒட்டி அரை மீட்டர் அகலத்துக்குக் கறுத்த பொலபொலப்பான மண்ணும், அதற்குள் பாட்டில் கண்ணாடியும் புகைக்குழாய்த் துண்டும் கிடைக்கும். அனுபவமில்லாதவர் இதையே கடைக்கால் குழி என்று எண்ணிவிடக்கூடும். இத்தனைக்கும் அன்று அவர்கள் செய்தது அக்கறையால்தான். அதனால் இழந்ததை நினைத்தால் மனம் ஆறுவதில்லை.

ஓரம் போன இடத்தில் சுவரையே கேட்கவேண்டும். டிரிமில் அப்படிக் கேட்டதற்குக் கிடைத்த பதில்தான் சாரக்கட்டைகள். சுவர் உயர உயரக் கொத்தனார்கள் குறுக்குக் கட்டைகளைச் சுவருக்குள்ளேயே செருகி அவற்றின் மேல் பலகை போட்டு நின்றார்கள். வேலை முடிந்ததும் நீட்டிக்கொண்டிருந்த பகுதியை அறுத்தெடுத்தார்கள். உள்ளே சாந்தில் இறுகிய துண்டு அப்படியே தங்கிவிட்டது. காற்றும் மழையும் எட்டாத ஆழத்தில் எட்டு நூற்றாண்டு ஓக் கட்டை உளுக்காமல் இருந்திருக்கிறது. கூரை உத்திரம், கதவு போன்றவற்றைப் பின்னால் மாற்றியிருக்கலாம். சுவருக்குள் இறுகிய சாரக்கட்டையை யாரும் மாற்ற முடியாது. அதனால்தான் அதன் சாட்சி இவ்வளவு உறுதி.

மரவளையக் கணக்கு எளிதாகத் தோன்றும், நிபந்தனைகள் கடுமையானவை. துண்டில் எண்பது, நூறு வளையமாவது இருந்தால்தான் பெல்ஃபாஸ்டில் ஆண்டுவாரியாக உருவாக்கிய ஐரிஷ் ஓக் வளைய வரிசையோடு நம்பிக்கையாகப் பொருத்த முடியும். அந்த வரிசை ஏழாயிரம் ஆண்டுக்கு மேல் பின்னோக்கிப் போகிறது. கட்டையின் வெளி விளிம்பு மிக முக்கியம். தச்சர்கள் வைரம் பாய்ந்த பகுதியை வைத்துக்கொண்டு பட்டையை ஒட்டிய இளமரமான வெளிறைச் செதுக்கி எறிவது வழக்கம். பட்டை ஒட்டியிருந்தால் மரம் வெட்டிய ஆண்டும், சில சமயம் பருவமும்கூடச் சொல்லலாம். வெளிறு கொஞ்சம் மட்டும் இருந்தால், ஐரிஷ் ஓக்குக்கு வெளிறு வளையம் சராசரி 32, கூடக்குறைய 9 என்ற கணக்கில் மதிப்பிடுவார்கள். வெளிறே இல்லையென்றால் 'இந்த ஆண்டுக்குப் பிறகு' என்பதோடு நிறுத்திக்கொள்ளவேண்டும். நல்ல வேளையாக, சாரக்கட்டைக்கு யாரும் மெனக்கெட்டு வெளிறு செதுக்குவதில்லை. பச்சை மரத்தை வெட்டிய கையோடு செருகுவார்கள். டிரிமின் கட்டைகள் வெவ்வேறு உயரங்களில் வெவ்வேறு ஆண்டு காட்டின. 1170களின் நடுவில் ஒரு கட்டம், 1190களின் நடுவில் ஒரு கட்டம், 1200ஐத் தாண்டிய முதல் சில ஆண்டுகளில் இன்னொரு கட்டம். முதல் கட்டம் அப்பா காலத்தது, மற்ற இரண்டும் மகன் காலத்தவை.

ஓக் கிடைக்காத கோட்டைகளில் ஐரிஷ் கொத்தனார்களின் இன்னொரு பழக்கம் கைகொடுக்கிறது. கமான் வளைவு கட்டும்போது நம் ஊர் சென்ட்ரிங் வேலைக்குப் பலகை அடிப்பதுபோல, அவர்கள் மெல்லிய கிளைகளைப் பின்னிய தட்டிகளை வளைத்து அதன்மேல் சாந்தும் கல்லும் இட்டார்கள். தட்டியின் அச்சு இன்றும் நூற்றுக்கணக்கான ஐரிஷ் கோபுர வீடுகளின் கூரையடியில் பாய் பின்னல் போலத் தெரிகிறது. சில இடங்களில் குச்சியே சாந்துக்குள் மிஞ்சியிருக்கிறது. ஹேசல் போன்ற செடிகளில் சில ஆண்டு வளர்ந்த குச்சி என்பதால் கார்பன்-14 கணக்குக்கு மிக ஏற்றது. சாந்தில் கலந்த கரித்துண்டையும் பயன்படுத்தலாம், ஆனால் அது சுண்ணாம்புக் காளவாயில் எரிந்த முந்நூறு வயது ஓக்கின் நடுத்தண்டாக இருந்தால் கட்டடத்தின் வயது முந்நூறு ஆண்டு கூடித் தெரியும். எந்த மரத்தின் கரி, கிளையா தண்டா என்று நுண்ணோக்கியில் பார்த்துத் தேர்ந்த பிறகே ஆய்வகத்துக்கு அனுப்பவேண்டும். அப்படி அனுப்பினாலும் 12ஆம் நூற்றாண்டைச் சுற்றிய காலத்துக்குக் கார்பன் அளவை ஆண்டாக மாற்றும் அளவுகோல் தட்டையாக இருப்பதால், விடை பல நேரம் நூறு ஆண்டு அகலத்துக்கு விரிந்து வரும். தந்தையா மகனா என்ற கேள்விக்கு அது போதாது. டிரிமுக்கு ஓக் கட்டை மிஞ்சியது பெரும் பேறு.

தலையில்லாத பத்துப் பேர்

டிரிமில் முதல் பெரிய அகழாய்வு 1971 முதல் 1974 வரை டேவிட் ஸ்வீட்மேன் தலைமையில் நடந்தது. அப்போது மையக் கோபுரத்துக்குத் தென்மேற்கே தலையில்லாத பத்து உடல்கள் கிடைத்தன. 1465இல் நான்காம் எட்வர்டின் காலத்தில் வந்த ஒரு சட்டம், கொள்ளையரின் தலையை வெட்டிப் பொதுவிடத்தில் நட்டுவைக்கச் சொன்னது. இரண்டையும் சேர்த்து, சட்டப்படி தண்டிக்கப்பட்டவர்கள் இவர்கள் என்று எழுதுவது வழக்கம். பொருந்தக்கூடிய விளக்கம்தான். ஆனால் இப்படி ஒரு காட்சி எங்கே கிடைத்தாலும் முதலில் கேட்கவேண்டியது வேறு. பின்னால் வெட்டிய குழி ஒன்று மண்டையோடுகளை மட்டும் அள்ளிப் போயிருக்குமா? கழுத்தெலும்பில் கூர்மையான வெட்டுத் தடம் உண்டா? எலும்புக்குக் கார்பன் கணக்கு எடுத்தால், இறந்தவர் கடல்மீன் அதிகம் உண்டிருந்தால் வயது கூடித் தெரியும், அதைத் திருத்தினோமா? சட்டத்தின் ஆண்டு தெரிந்திருப்பதாலேயே எலும்பின் ஆண்டும் தெரிந்துவிட்டதாக நினைப்பது எளிதில் விழக்கூடிய பள்ளம்.

இன்று மனித எலும்பு வெளிப்பட்டால் வேலையை நிறுத்திக் காவல்துறைக்கும் மரண விசாரணை அலுவலருக்கும் தேசிய அருங்காட்சியகத்துக்கும் தகவல் சொல்லவேண்டும். மாதிரி வெட்டவும் வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அனுப்பவும் தனித்தனி உரிமம். மீத் மண் சுண்ணாம்புக்கல் மண் என்பதால் எலும்பு நன்றாகத் தங்குகிறது. இரும்பு நிலைதான் பரிதாபம். அம்பு முனை, ஆணி, குதிமுள் எல்லாம் துருக் கட்டியாக ஒரே உருவத்தில் வரும். கழுவாமல், உலர்ந்த பெட்டியில் வைத்து, முதலில் எக்ஸ்-கதிர்ப் படம் எடுக்கவேண்டும். சில நேரம் உள்ளே உலோகமே இருக்காது, துருவின் நடுவே உருவம் மட்டும் வெற்றிடமாக நிற்கும்.

மரமும் தோலும் நேர்மாறு. நீர் நின்ற அகழியடியில் அவை முழுதாக இருக்கும், வெளியே எடுத்த சில மணி நேரத்தில் சுருங்கி வெடிக்கும். ஈரத்திலேயே எடுத்து ஈரத்திலேயே வைத்து, பாலிஎத்திலீன் கிளைகால் என்ற மெழுகுக் கரைசலில் மாதக்கணக்கில் ஊறவைத்த பிறகே உலர்த்தலாம். லிமெரிக்கில் ஜான் அரசன் கோட்டையில் 1990இல் தொடங்கிய அகழாய்வில் 1642 முற்றுகையின் சுரங்கங்களும் எதிர்ச் சுரங்கங்களும் அவற்றைத் தாங்கிய மரங்களோடு கிடைத்தன. சுவருக்கு அடியில் சுரங்கம் தோண்டி, மரத்தால் முட்டுக் கொடுத்து, பிறகு அந்த முட்டுக்கட்டைகளை எரித்துச் சுவரைச் சரிப்பது முற்றுகையாளர் வேலை. உள்ளே இருப்பவர்கள் எதிரே தோண்டிப்போய் இருட்டில் மோதுவார்கள். அதே கோட்டைக்கு அடியில், நார்மன்கள் வருவதற்கு முந்திய பள்ளத்தரை வீடுகளும் இருந்தன. ஊர்க்காரர்களின் வீட்டு மேலேயே கோட்டையை எழுப்பியிருக்கிறார்கள்.

கண்ணுக்குத் தெரியாதவற்றுக்குத்தான் மண் மாதிரி. கழிவறைக் குழாயின் அடிக்குழி, அடுப்படி, அகழியடி போன்ற இடங்களில் 40 லிட்டர் மண்ணை எடுத்துத் தொட்டியில் நீர் விட்டுக் கலக்குவார்கள். மிதந்து வழியும் விதையையும் கரியையும் 0.3 மில்லிமீட்டர் சல்லடை பிடிக்கும், அடியில் தங்கும் மீன்முள்ளையும் சிறு எலும்பையும் 1 மில்லிமீட்டர் வலை பிடிக்கும். கையால் மட்டும் பொறுக்கிய தளத்தில் மாட்டெலும்பு மட்டுமே கிடைக்கும், மீனே சாப்பிடாத கோட்டை என்ற பொய்யான முடிவுக்கு வந்துவிடுவோம். பானையோடுகளில் பெரும்பங்கு உள்ளூர்ச் சட்டிதான். கூடவே இங்கிலாந்தின் பிரிஸ்டல் பக்கத்து ஹேம் கிரீன் குடமும், தென்மேற்குப் பிரான்சின் சான்டோன்ஷ் வட்டாரத்துப் பச்சை மெருகுக் குடமும் வரும். போர்டோ மதுவோடு கப்பலேறி வந்தவை இந்தப் பிரெஞ்சுக் குடங்கள். கை அகலத் துண்டு ஒன்று, எந்தத் துறைமுகத்தோடு அந்த மேசைக்குத் தொடர்பு இருந்தது என்று சொல்லிவிடும்.

டிரிமை அரசு 1993இல் வாங்கியது. பழுதுபார்க்கும் முன் ஆலன் ஹேடன் 1995 முதல் 1998 வரை தோண்டினார், 2000இல் கோட்டை மக்களுக்குத் திறந்தது. ஸ்வீட்மேனின் அறிக்கை 1978இலேயே வந்துவிட்டது. பெரிய பரப்பைத் தொட்ட இரண்டாம் ஆய்வின் முழு அறிக்கை நூலாக வர 2011 ஆயிற்று. பதிமூன்று ஆண்டுகள் என்பது இந்தத் துறையில் மோசமான தாமதம் அல்ல. தோண்டியது ஒரு முறைதான் முடியும். தோண்டியவர் எழுதாமல் விட்டால் அந்த இடம் இரண்டாம் முறை அழிந்ததற்குச் சமம். அறிக்கை வெளிவந்தால்தான் அகழாய்வு முடிந்தது என்று கணக்கு வைப்பதே நியாயம்.

தளத்தில் கடைசி வேலை மூடுவது. திறந்தபடி விட்ட சுவரடி முதல் குளிர்காலத்திலேயே சாந்து உறைந்து உதிரும், மழைநீர் தேங்கி ஓரம் சரியும். தோண்டிய பரப்பின் மேல் நீர் ஊடுருவும் துணியை விரித்து, சுவர்த் தலைப்புகளைச் சுற்றி மணல் அணைத்து, எடுத்த மண்ணையே அடுக்கடுக்காகப் போட்டுத் திமிசால் இடிக்கவேண்டும். துணி இரண்டு வேலைக்கு: மேல்மண் கீழே கலக்காது, ஐம்பது ஆண்டு கழித்துத் தோண்டுபவரின் கரணை அதில் பட்டதும், இதற்கு முன் வந்தவர்கள் எங்கே நிறுத்தினார்கள் என்று தெரியும். அதன்மேல் முதல் நாள் அடுக்கி வைத்த புல்பத்தைகளை இடைவெளியில்லாமல் பதித்து, தண்ணீர் ஊற்றுவார்கள்.